அறுபதாம் பக்கம்

ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஒரு கிராமச் செவிலியர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் தடுப்பூசிப் பெட்டி, அதன்மேல் டிராகன் படம் போட்ட தடித்த நாவல். அதை அவர் படிக்கவில்லை. உள்ளே செருகியிருந்த சீட்டை எடுத்து, இருபது பக்கம் தள்ளிச் செருகினார்.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“பொண்ணு ஹாஸ்டல்ல இருக்குது சார். ஒரே புக்க ரெண்டு வாங்கி, ஒண்ணு எனக்குக் குட்த்துச்சு. படிச்சிட்டு வாரா வாரம் போன்ல பேசணுமாம். எனக்கு அறுபதாம் பக்கத்துக்கு மேல முடியல. அதச் சொல்லிட்டா, அப்புறம் என்கிட்ட இன்னா பேசும்?”

சிக்னல் கிடைக்கும் ஒரே வளைவில் ஓட்டுநர் வழக்கம்போல் வண்டியை நிறுத்தினார். எல்லோரும் போனும் கையுமாக இறங்கினோம். செவிலியர் மகளை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“எத்தினி பக்கம்மா ஆச்சு?” என்றாள் மகள்.

“இருநூறு...” என்ற செவிலியர் நிறுத்தினார். “இல்லடி. அறுபதோட வுட்டுட்டேன். அந்தப் பேருங்க ஒண்ணும் வாய்ல நுழையல.”

மகள் சிரித்தாள்.

“அப்பாடா! நான் நாப்பதுலயே வுட்டுட்டேம்மா. நீ ஆசையா படிக்கிறியேன்னுதான் சொல்லல.”

“அடிப்பாவி!”

ஹார்ன் அடிக்கும்வரை இருவரும் ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி கிளம்பியதும் செவிலியர் நாவலைப் பைக்குள் திணித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனார். எழுப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இருவருமே படிக்காத பக்கங்களைப் பற்றி இத்தனை வாரம் அவர்கள் என்னதான் பேசினார்கள்?