அவன் இறங்கினவனா?

நாலரை மணிக்குப் பிறகு மகளின் போன் வேலை செய்யவில்லை. இங்கே கனடாவில் முதல் தடவையாகத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு மிசிசாகாவுக்கு வேலைக்குப் போனவள். வெளியே பனி கொட்டியது. சும்மா இருக்க முடியாமல் டிவியைப் போட்டேன். பெரிய சக்கரம் தண்ணீரை அடிக்க, ஆற்றில் ஒரு பழைய கப்பல் வந்தது. உள்ளே ஒரு அழகன் காசு வைத்துச் சீட்டாடிக்கொண்டிருந்தான்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், இதே படத்தை ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரிந்தது. ஆங்கிலம் தெரிந்த அப்பாதான் கதை சொன்னார். முத்தக் காட்சி வந்தால் வீடியோ டெக்கைத் திருத்துகிறமாதிரி எழும்பி டிவியை மறைத்துக்கொண்டு நிற்பார்.

"அத்தான், அவன் இவ்வளவு நேரம் கதைச்சான். நீங்கள் ரெண்டு சொல்லோட முடிச்சிட்டியள்," என்று சித்தி அப்பாவைச் சீண்டினாள்.

"சூதாடுறவன்ரை கதைக்கு அது காணும்."

சூதாட்டத்தை விட்டுவிட்டு அடுத்த துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்குவதாகப் படத்தில் அவன் காதலிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அவள் கரையில் காத்து நின்றாள். கப்பல் நெருங்கியபோது மண்ணெண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்றுவிட்டது. "அவன் இறங்கினவனோ?" என்று சித்தி கனநாள் கேட்டுத் திரிந்தாள். மகள் சின்னவளாக இருந்தபோது இந்தக் கதையைச் சொல்லித்தான் சோறு தீத்தினேன். அவளும் அதையே கேட்பாள்.

இப்போது அதே கரை, அதே காதலி. கப்பல் நெருங்கவும் ஜன்னலில் கார் வெளிச்சம் அடித்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"ஸொரி அம்மா, போன் செத்துப்போச்சு," என்ற மகள், சப்பாத்தைக் கழற்றாமலே டிவியை எட்டிப் பார்த்தாள். படம் முடிந்து, அந்தச் சக்கரக் கப்பலின் மேல் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஐயோ, அந்தப் படமா? அவன் இறங்கினவனா?"