கெட்டி ஆயில்

முதலிபாளையத்தில் பழைய லாரிகளைப் பழுதுபார்க்கும் அந்த மெக்கானிக்கின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒல்லியானவர், சட்டையில் ஒரு கறை இல்லை. எந்த வண்டி வந்தாலும் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயை உள்ளங்கையால் பொத்தி, உள்ளிருந்து வரும் காற்றின் வேகத்தைக் கண்ணை மூடிக் கணிப்பார்.

என் மகன் போன மாதம் வாங்கிய பழைய லாரி, துணி பாரத்தோடு அவிநாசிபாளையம் அருகே நடுச்சாலையில் நின்றுபோனது. பின்னால் வந்த பேருந்து ஒரு முழம் தள்ளி நின்றதால்தான் பிள்ளை பிழைத்தான். மறுநாள் லாரியைக் கட்டி இழுத்து அவரிடம் கொண்டுபோனேன்.

எப்படியோ ஸ்டார்ட் செய்து, திணறி ஓடிய இன்ஜினின் வாயைப் பொத்தினார். கையை எடுக்காமலே சொன்னார்: "பிஸ்டன் ரிங் தேஞ்சு, ஆயிலு உள்ள போயி எரியுதுங்க. வாங்கறப்ப புகையே வந்திருக்காதுங்களே?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"கெட்டி ஆயில் ஊத்துனா கொஞ்ச நாளைக்குப் புகையாதுங்க. வித்தவரு கேட்டாரு, நாந்தானுங்க ஊத்திக் குடுத்தேன்."

"வாங்கறவன் ஊட்டுலயும் புள்ளைக இருக்கும்னு தோணலீங்களா?"

"தோணுச்சுங்க. அதனாலதான் அவரு சொல்லாமயே பிரேக்க மட்டும் சரிபண்ணி உட்டேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன். "இன்ஜினை இறக்கிப் பாருங்க" என்றுதான் வந்தது. அதன் கோளாறை, அதை மறைத்தவரைவிட நன்றாக அறிந்த இன்னொருவரை நான் எங்கே போய்த் தேடுவது?