அம்மாவின் வாட்சும் அப்பாவின் டிரில் பிட்டும்

சின்ன வயதில் அம்மாவைக் கட்டிக்கொண்டால் முதலில் கன்னத்தில் சில்லென்று படுவது அவளுடைய வாட்சுதான். மூணாற்றுக் குளிரில் அந்தப் பித்தளைக் கூடு விடிகாலைத் தண்ணீர் போல் கடிக்கும். கையில் கட்டுகிற வாட்சு அல்ல அது. சேலைத் தலைப்பில் ஊக்கு குத்தி, வளையத்தில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது. எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்த வெள்ளைக்கார நர்சு, லயத்து வீடுகளில் குடியிருந்த சனங்கள் ‘தொரசாணி’ என்று சொல்வார்களே அவர், சீமைக்குத் திரும்பும்போது அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த அம்மாவைக் கூட்டிவந்து, காயம் கட்டவும் பிரசவம் பார்க்கவும் நொடிமுள்ளைப் பார்த்து நாடி எண்ணவும் பழக்கியவரும் அவர்தான். அம்மாவுக்குப் பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனாலும் எல்லோருக்கும் செண்பகம் ‘நர்சம்மா’தான்.

எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் புது டாக்டர் வரப்போகிறார் என்று சேதி வந்தது. சான்றிதழ் இல்லாதவர்களை டிஸ்பென்சரியில் வைத்துக்கொள்வதா, கொழுந்துக் காட்டுக்கே திருப்பி அனுப்புவதா என்று அவர் திங்கட்கிழமை நேரில் பார்த்துச் சொல்வாராம். நாடி எண்ணச் சொல்லிச் சோதிப்பாராம். டிஸ்பென்சரிச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்ததுதான், ஆனால் அதற்கு நொடிமுள் கிடையாது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மழையில் அட்டைக்கடியோடு மலையேறின நாட்களை அவள் மறந்திருக்கவில்லை.

இந்த நேரம் பார்த்தா வாட்சின் வளையம் அறுந்து தொலைய வேண்டும்! அம்மா அதைக் கறுப்பு நூலில் கட்டிக்கொண்டாள். அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “புது டாக்டர் முன்னாடி எம் பொண்டாட்டி நூலக் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு நிக்கிறதா?” என்று முறுக்கிக்கொண்டார். அப்பா தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். ஆள் உயர எந்திரங்களைக் கழற்றி மாட்டுகிற கை அவருடையது. அந்தக் கைக்கு இருந்த துணிச்சலுக்கு ஈடாகக் கொஞ்சம் நிதானமும் இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை, அம்மாவிடம் சொல்லாமல் கொள்ளாமல் வாட்சை எடுத்துப்போய், புது வளையம் மாட்ட அதன் விளிம்பில் ஓட்டை போட்டிருக்கிறார். டிரில் பிட்டு கூட்டைத் துளைத்து உள்ளே போன கையோடு படக்கென்று ஒடிந்து அங்கேயே தங்கிவிட்டது. வாட்சும் நின்றுவிட்டது.

அம்மா கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வாட்சை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள், முந்தானையில் முடிந்துகொண்டாள், போய் அரிசி களைந்தாள். மறுநாள் மூணாறு பஜாரில் வாட்சு ரிப்பேர்காரர் பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்த எந்திரத்தைப் பத்திரமாக வெளியே எடுத்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒடிந்த முனை கூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது; திரும்ப உட்கார வைத்தால் சக்கரம் அதில் இடித்து எந்திரம் மறுபடியும் நின்றுவிடும். இடுக்கிக்கு அந்த முனை சிக்கவில்லை, தட்டினால் கூடு பிளந்துபோகும். “இந்தச் சைசுல வேற கூடு கெடைக்காதும்மா, இத மறந்துருங்க” என்று எந்திரத்தை ஒரு டப்பாவிலும் கூட்டைத் தாளிலும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம்தான் அம்மா வாயைத் திறந்தாள். அடேயப்பா, திறந்தாளே! “வீட்டுல ஒரு சாமான முழுசா விட்டு வச்சிருக்கீகளா? அன்னைக்கு இரும்பு வாளியில படிகாரத்தப் போட்டு ஓட்டையாக்குனீக. இன்னைக்கு என் சோத்துல ஓட்டையப் போட்டுட்டீக. நாளைக்கு என்னையும் கழட்டிப் பாப்பீக!”

இந்த வாளி விவகாரம் எங்கள் வீட்டில் எல்லாச் சண்டைக்கும் வரும். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் செம்மண்ணாக வருவதால் படிகாரம் போட்டுத் தெளிய வைப்போம். ஒரு தடவை அப்பா கட்டி கட்டியாக வாளியில் போட்டுவிட்டு, ஊர்க் கோயில் கொடைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு தென்காசிப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது வாளி சல்லடையாகிக் கிடந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா கூரையைப் பார்ப்பார்.

அன்றைக்கு அப்பா கூரையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். “ஏ புள்ள, நில்லு. அந்த வாளிக்குள்ள பித்தளைச் சொம்பு கெடந்துச்சே, அதயும் தின்னுச்சா?”

அம்மா திட்டப் போன வார்த்தையைப் பாதியில் விட்டாள். “இல்லியே. சொம்பு பளபளன்னுல்ல இருந்துச்சு…”

“கூடு பித்தளை. பிட்டு இரும்பு” என்றார் அப்பா.

சண்டை அப்படியே நின்றது. ஃபாக்டரிக்காரரும் நர்சம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. இரும்புப் பாத்திரமும் ஆகாது, அலுமினியமும் ஆகாது என்பதால் மீன்குழம்பு வைக்கிற மண்சட்டியைக் கழுவி, வெந்நீரில் படிகாரத்தைக் கரைத்து, கூட்டை அதில் போட்டுக் கணப்பில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒடிந்த முனையிலிருந்து மட்டும் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காத அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதாங்குழலை ஊதினார். அம்மா தண்ணீர் வற்ற வற்ற ஊற்றினாள். கூடும் சேர்ந்து கரைந்துவிடுமோ என்று எனக்கு ஒரே பயம். அம்மாவுக்கும் இருந்திருக்க வேண்டும், அடிக்கொரு தரம் அகப்பையால் அதைத் தூக்கிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிட்டு கறுத்துப் பொடியாகியிருந்தது. அம்மா விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி அந்த இடத்தில் குத்தினாள். ஈர்க்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அம்மா சிரித்தாள்; சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பா எழுந்து போய் வாசலில் நின்று பீடி பற்றவைத்தார். பஜாரில் ரிப்பேர்காரர் எந்திரத்தைக் கூட்டில் பொருத்திச் சாவி கொடுத்துவிட்டு, மோந்து பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, வாட்சுல அயிலை மீன் வாடை அடிக்குதே?”

மறுநாள் அந்த டாக்டர் தன் கையையே நீட்டி எண்ணச் சொன்னாராம். அம்மா நொடிமுள்ளைப் பார்த்து எண்ணி முடித்துவிட்டு, “சார், மேடேறி வந்த மூச்சு இன்னும் அடங்கல. செத்த உக்காருங்க, திரும்பப் பாத்துச் சொல்றேன்” என்றிருக்கிறாள். டாக்டர் சிரித்துவிட்டு உட்கார்ந்தாராம். அதற்குப் பிறகு வயதாகி ஓய்வு பெறும்வரை அம்மா கொழுந்துக் கூடையைத் தொடவில்லை. என் கைக்கும் அது வரவில்லை. அப்பா கடைசிவரை மன்னிப்புக் கேட்டதில்லை, அம்மாவும் நன்றி சொன்னதில்லை. இருவருக்கும் சேர்த்து நான்தான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இருவரும் இப்போது இல்லை. போன வருடம் மூணாறு போனபோது அந்த டிஸ்பென்சரியைத் தேடினேன். அது இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு ஏலக்காயும் சாக்லேட்டும் விற்கிற கடை இருந்தது. கல்லாவில் இருந்த பெண்ணிடம் பழைய கதையைப் பேச்சுவாக்கில் சொன்னேன். சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க செண்பகம் அம்மா மகளா? என்னய வெளிய எடுத்ததே அவுகதான். கழுத்துல கொடி சுத்தி, மூச்சில்லாம பொறந்தேனாம். ஆத்தா சொல்லிச் சொல்லி அழும்.”

அவள் உள்பக்கம் திரும்பி, “செண்பகம், ஏ செண்பகம், இங்க வா” என்று கூப்பிட்டாள்.

“இந்தா வர்றேம்மா” என்று பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி ஓடி வந்தாள்.