சாவியால் ஒரு தட்டு

காலை 8.10. அரியலூர் பேருந்து நிலையத்தில் பெரம்பலூர் பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். பேரளி வரை சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போனோம். "இந்த ரூட்ல பவுடர் செலவே கிடையாதுங்க" என்று முகத்தில் படிந்த வெள்ளைத் தூசியைத் துடைத்துக்கொண்டார் கண்டக்டர்.

பிள்ளைகளே, நான் சிமென்ட் ஆலைச் சூளைக்குள் நெருப்புச்செங்கல் பதிக்கிற ஆள். படிப்பு பத்தாவது. என் மூத்த மகள் கயல்விழி பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். "இன்னிக்கு நான் செஞ்ச பீங்கான் ஓட்டுக்குப் பரீட்சைப்பா, வந்து பாருங்க" என்று கூப்பிட்டிருந்தாள்.

9.30. ஆய்வுக்கூடம். சூரியனுக்குள் அணுக்கள் ஒன்றோடொன்று சேர்வதால்தான் நமக்கு வெயில் கிடைக்கிறது. அதே வேலையைப் பூமியில் ஓர் உலைக்குள் செய்ய விஞ்ஞானிகள் பார்க்கிறார்கள். அப்போது நியூட்ரான் என்ற துகள்கள் உலைச் சுவரை ஓயாமல் குத்துமாம். சுவர் வீங்கும், நொறுங்கும். அதைத் தாங்கத்தான் கயல், சிலிக்கான் கார்பைடு என்கிற பீங்கானுக்குள் அதே பொருளில் மெல்லிய நூல்களை வைத்து ஓடு செய்கிறாள். கறுப்பு நிறம், பிஸ்கட் அளவு. ஏழு மாத உழைப்பில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. இன்று சூட்டில் தேறினால்தான் அது கதிர்வீச்சுச் சோதனைக்கு வெளியூர் போகும்.

10.40. கயல் கையுறை எடுக்கத் திரும்பினாள். என் கை சும்மா இருக்குமா? தட்டிப் பார்க்காமல் நாங்கள் செங்கல் பதிப்பதில்லை. 'கிண்' என்றால் நல்ல கல். 'தொப்' என்றால் உள்ளே விரிசல். வீட்டுச் சாவியால் ஓட்டை ஒரு தட்டு தட்டினேன்.

தொப்.

"கயலு... உள்ளுக்குள்ள விரிசல் விட்டுருச்சும்மா."

"அய்யோ, தட்டிட்டீங்களாப்பா!" ஓட்டைப் பிடுங்கி உருப்பெருக்கியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை. மூச்சு விட்டாள். "நூல் இருக்குல்ல, சத்தம் அப்படித்தான் வரும். விரிசல் வுழுந்தாலும் நூல்ல போய் நின்னுக்கும், ஓடு பிளக்காது. கையைப் பாக்கெட்ல வச்சுக்கங்க மொதல்ல!"

"சூளைக்காரர்கிட்ட ஓட்டைத் தனியா விட்டது உன் தப்பும்மா" என்று சிரித்தார் அவளுடைய பேராசிரியர்.

பிற்பகல் 2.15. செக்கச்செவேல் என்று பழுத்த ஓட்டை இடுக்கியால் எடுத்து நேரே தண்ணீரில் போட்டார்கள். எங்கள் செங்கல்லாக இருந்தால் சிதறியிருக்கும். கயல் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. முழுசாக வந்தது.

4.20. திரும்புகிற பஸ். ஓட்டுக்கு நடந்தது அத்தனையும் அதன் பதிவேட்டில் இருக்க வேண்டுமாம், ஒரு சின்ன அடிகூட விடக்கூடாதாம். ஓட்டுப் பெட்டியோடு வெளியூர் சோதனைக்குப் போகிற அந்தத் தாளைக் கயல் போனில் படமெடுத்து அனுப்பியிருந்தாள்.

'10.40. வீட்டுச் சாவியால் ஒரு தட்டு. தட்டியவர்: என் அப்பா. சேதமில்லை.'

இத்தனை வருஷம் நான் தட்டிப் பார்த்த செங்கல் எதிலும் என்னைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை. அரியலூர் வருவதற்குள் அதை நாலு தடவை படித்துவிட்டேன்.