மேஜர் உட்காரப் பழகிய கதை

எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட்டில் இப்போதெல்லாம் நனைந்த நாயின் வாடை அடிக்கிறது. மூன்றாவது மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் தம்பதி ஒரு லேப்ரடார் குட்டி வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பாடம் நடத்த ஸ்கூட்டரில் ஒரு பயிற்சியாளர் வருகிறார். முழங்கால் வரை கால்சட்டை, இடுப்பில் பிஸ்கட் பை. கீழே கார் நிறுத்தும் இடத்திலிருந்து ‘சிட்’, ‘ஸ்டே’ என்று அவர் குரல் வரும்போது குட்டி உட்காருகிறதோ இல்லையோ, பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. இந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே ஒரு முறை முழுசாகக் கேட்டிருக்கிறேன். அதுவும் நின்றுகொண்டே.

கல்யாணமாகிப் பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்த புதிது. வீட்டுக்காரர் மஸ்கட்டில். வீட்டில் மாமனார், மாமியார், நான். மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பெரிய வீடு, பெரிய வாசல், மாமாவுக்கு அவற்றுக்குப் பொருத்தமாக ஒரு மீசை. காலையில் சாய்வு நாற்காலியில் அவர் சாய்ந்தால், அவர் எழுந்திருக்கும்வரை அந்த வாசலில் வேறு யாரும் உட்காருவதில்லை. அப்படிச் சட்டம் ஒன்றும் கிடையாது. யாரும் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். வயல் வேலைக்கு வருகிறவர்கள் வாசலில் நிற்பார்கள், அத்தை நிலைப்படிக்கு உள்ளே நிற்பாள், நான் காபி டம்ளரோடு இரண்டுக்கும் நடுவில் நிற்பேன்.

கணக்கில் எம்.எஸ்ஸி., அதற்கு மேல் பி.எட். பாபநாசத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை எனக்காகக் காத்திருந்தது. தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறக்கும் அன்றே வந்து சேருங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். மஸ்கட்டைக் கேட்டால், அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க என்றது. மாமா எதற்கும் ‘முடியாது’ என்று சொல்லும் மனிதர் கிடையாது. எதைக் கேட்டாலும் “இரும்மா, பாக்கலாம்” என்பார். எனக்கு அந்த வேலை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், ராத்திரி படுத்துக்கொண்டு மனசுக்குள் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்க்கும் அளவுக்கு வேண்டும்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் மேஜர் வந்து சேர்ந்தான். கூத்தாநல்லூரில் மாமாவுக்கு ஒரு சிநேகிதர், காதர் பாய். மலேசியாவில் வியாபாரம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். அங்கே வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வேட்டைக்குப் போவதைப் பற்றி நிறையச் சொல்வார். துப்பாக்கியைத் தூக்கினால் நாய் உட்கார வேண்டும். வெடி வெடித்து, பறவை கண்ணெதிரே விழுந்தாலும் அசையாமல் இருக்க வேண்டும். ‘போ’ என்றால்தான் போய் எடுத்து வர வேண்டும். அப்படிப்பட்ட வம்சம் என்று சொல்லி, மண்ணிறத்தில் ஒரு குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று தாத்தா காலத்தில் வாங்கியது. பறவைகளைச் சுடுவதைச் சட்டம் எப்போதோ தடை செய்துவிட்டது. ஆனால் எங்கள் ஊர் வயலில் இறங்கும் உள்ளான் குருவிகளுக்குச் சட்டத்தைவிட மாமாவின் குறிதான் பெரிய பாதுகாப்பு.

பாடம் வாசலை ஒட்டிய நெற்களத்தில் நடந்தது. மேஜருக்குத் தமிழ் தெரியாது என்பது மாமாவின் முடிவு. ‘ஸிட்டு’ என்பார். குட்டி அவர் வேட்டியைக் கடிக்கும். பின்பக்கத்தை அமுக்கி உட்காரவைத்து, டீக்கடைப் பொறை ஒன்றை ஒடித்துக் கொடுப்பார். ‘ஸ்டேய்’ என்று உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே நடப்பார். இரண்டு எட்டு வைப்பதற்குள் சமையலறைப் பக்கமிருந்து அத்தையின் குரல் வரும். ஒரு ஜீவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பொறுக்காது. “சாப்பிட வா கண்ணு.” மேஜருக்கு இந்தத் தமிழ் மட்டும் முதல் நாளே புரிந்துவிட்டது.

சம்பா நடவு நேரம் அது. நடவாட்களின் தலைவி அஞ்சலை கூலி பேச வந்தால், பாடம் முடியும்வரை வாசலில் நிற்க வேண்டும். ஒருநாள் மாமா குனிந்து மேஜரின் முகவாயைத் தாங்கி, உக்காருய்யா, எங்கய்யா இல்ல என்று கொஞ்சுவதைப் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

“எங்க ஆத்தா காலத்துலேர்ந்து இந்த வாசல்ல நிக்கிறோம் சின்னம்மா. எங்களப் பாத்து ஒரு நாளு உக்காருன்னு சொல்லியிருப்பாரா ஐயா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது கையில் காபி டம்ளரோடு நானும் நின்றுகொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

நடுவில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். மாமா ஒப்படைத்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். குட்டி வளர்கிற வயசில் படிப்பு கெடக்கூடாதே. அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மூலையில் சாத்தியிருந்த கறுப்புக் குடையை எடுத்தார்.

அன்றிலிருந்து குடைதான் துப்பாக்கி. மாமா அதைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, வானத்தைக் குறிபார்த்து, வாயாலேயே ‘டுமீல்’ என்பார். அந்த நிமிஷம் பக்கத்து வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து ஒரு பறவை பறந்து வந்து விழ வேண்டும். கிழிந்த வேட்டித் துணியில் வைக்கோல் திணித்துக் கட்டிய பறவை. மாமா அதைப் புறா என்று மரியாதையாகவே குறிப்பிடுவார். போருக்குப் பின்னால் ஒளிந்திருந்து அதை எறிந்தவள் நான். எம்.எஸ்ஸி., பி.எட். படித்துவிட்டு நான் முதன்முதலில் பார்த்த வேலை இதுதான்.

சும்மா சொல்லக்கூடாது, மேஜர் படித்துவிட்டான். குடை உயர்ந்தால் உட்கார்ந்தான். புறா மூக்குக்கு முன்னால் விழுந்தாலும் அசையவில்லை. உடம்பு நடுங்கும், வாலால் தரையைப் பெருக்குவான், கண் மட்டும் மாமாவின் முகத்திலேயே இருக்கும். மாமா குடையைத் தாழ்த்தி ‘கோ’ என்றால்தான் பாய்வான். எனக்கும் சந்தோஷம்தான். ஏனென்றால் வேலையைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம் பதில் மாறி மாறிக் கடைசியில் இங்கே வந்து நின்றிருந்தது. முதலில் தேர்தல் முடியட்டும் என்றார். பிறகு துப்பாக்கி திரும்பி வரட்டும் என்றார். இப்போது “மேஜர் தேறட்டும்மா, பாக்கலாம்” என்றார். நாயின் தேர்வில்தான் என் வேலை இருக்கிறது என்றால், அதையும் பார்த்துவிடுவோம் என்று தோள்பட்டை வலிக்க வலிக்கப் புறாவை எறிந்தேன்.

தேர்தல் முடிந்தது, துப்பாக்கி வந்தது, தீபாவளியும் வந்துபோனது. பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் மேஜரைப் பார்க்க வந்திருந்தார். எல்லாரும் வயல் வரப்பில் நின்றோம். மாமா துப்பாக்கியைத் தோளில் வைத்தார். மேஜர் அதைப் புதுச் சாமான் ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தான், உட்காரவில்லை. வெடித்தது. உள்ளானுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஜர் காதை மடக்கிக்கொண்டு வாய்க்கால் கரையோடு ஓடினான்.

மாமா ‘ஸிட்டு’ என்று கத்திப் பார்த்தார், ‘ஸ்டேய்’ என்று கத்திப் பார்த்தார். ஐப்பசி மழை சொல்லிக்கொண்டா வரும், பிடித்துக்கொண்டது. காதர் பாய் தன் குடையைத் தூக்கி விரித்தார். ஓடிக்கொண்டிருந்த மேஜர் திரும்பிப் பார்த்தான். நின்றான். சேற்றிலேயே கம்பீரமாக உட்கார்ந்தான்.

பிறகு எழுந்திருக்கவே இல்லை. மாமா கெஞ்சினார், மிரட்டினார், பொறையைக் காட்டினார். குடை உயர்ந்திருக்கும்வரை அசையக்கூடாது என்று படித்தவன் அவன். கொட்டுகிற மழையில் காதர் பாய் எப்படிக் குடையை மடக்குவார்? நடவாட்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வரப்பில் நின்று சிரித்தார்கள், அஞ்சலை வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. கடைசியில் காதர் பாய்தான் மனமிரங்கிக் குடையை மடக்கி, சொட்டச் சொட்ட நனைந்தார்.

“பழக்கமெல்லாம் அருமைங்க,” என்றார் மாமாவிடம். “என்ன, குடைக்குப் பழக்கியிருக்கீங்க.”

அன்று சாயங்காலம் மாமா ஈரத் துண்டோடு உட்கார்ந்து தீர்ப்பு சொன்னார். அடிப்படையே கோளாறாம். தை பிறந்ததும் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். தை மாதம் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறொருத்தி என் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை புடவையை மடித்துக் கட்டிக்கொண்டு, கைப்பையும் குடையுமாக வாசலுக்கு வந்தேன். மழை விடவில்லை. மாமா நாற்காலியில், மேஜர் அவர் காலடியில்.

“எங்கம்மா?”

“ஸ்கூலுக்கு, மாமா. இன்னிக்குச் சேரணும்.”

“தை பொறக்கட்டும்னு சொன்னேன்ல. இரும்மா.”

நான் குடையை விரித்தேன். மேஜர் எழுந்து ஒழுங்காக உட்கார்ந்தான். படியிறங்கும்போது முதுகுக்குப் பின்னால் மாமாவின் களத்துக் குரல் கேட்டது. “ஸ்டேய்.” நாய்க்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா, இன்றுவரை தெரியாது. அவன் இருந்தான். நான் போய்விட்டேன்.

பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கினேன். சாயங்காலம் என் பெட்டி வாசலில் இருக்கும், என் அப்பாவுக்குத் தந்தி போயிருக்கும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன். என் பதில்களும் தயாராக இருந்தன. குடும்ப கௌரவம் என்றால் இது, ஊர் என்ன சொல்லும் என்றால் இது, புருஷன் ஊரில் இல்லாதபோது என்றால் இது. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து வைத்தவை.

நாள் முழுக்க நின்று பாடம் நடத்தியதில் கால் கெஞ்சியது. வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். துணிச்சல் ஒன்றும் இல்லை, நிற்க முடியவில்லை. அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். மாமா என்னைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், மீசையைத் தடவினார்.

“அப்ப இனிமே புறாவ யாரும்மா எறியறது?”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கௌரவமும் இல்லை, ஊரும் இல்லை, புருஷனும் இல்லை. இத்தனை நாள் என்னை நிறுத்தி வைத்தது ஒரு வைக்கோல் பொட்டலம். பெரிய காரணம் ஒன்றுக்காகத் தடுத்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். சுருக்கென்று ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

“ஞாயித்துக்கிழமை நான் எறியறேன், மாமா.”

எறிந்தேன், பல வருஷம். மேஜர் துப்பாக்கிக்குப் பழகவே இல்லை. அடுத்து வந்த ஏதோ ஒரு தேர்தலில் அதை ஒப்படைத்த மாமா திரும்ப வாங்கப் போகவில்லை. குடை, வாயால் ஒரு டுமீல், என் புறா, மேஜரின் ஓட்டம் என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பிறகு மேஜர் போனான். மாமாவும் போனார். அஞ்சலை நின்ற வாசலில் இப்போது நிற்க ஆளில்லை. அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. களத்தை மனை போட்டு விற்று, வீடு கட்டிவிட்டார்கள். மாமாவை மன்னித்தேனா என்று கேட்டால் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் என் வலது கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. எறிந்தால் எடுத்து வர யாரும் இல்லை.