கீழ்வீட்டு டிவி சத்தம்

நானும் என் வீட்டுக்காரரும் மாடியில் பேச ஆரம்பித்தால் போதும், கீழே ஓனரம்மா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். மைசூருக்கு வந்த புதிதில் இது எனக்குப் புரியவேயில்லை. டைல்ஸ் அறுக்கும் மெஷினோடு கிடந்து கிடந்து என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். உப்பு போதுமா என்று கேட்பதற்கே நான் கத்த வேண்டும், அவரும் கத்தித்தான் பதில் சொல்வார். ஒருநாள் மோட்டார் போடப் போனபோது ஓனரம்மா ஜெயம்மாவிடம் கேட்டே விட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிம் கடெ ஹெங்கசரன்ன ஹொடெயோது மாமூலு அல்வா?" என்றார். எங்கள் பக்கம் பெண்களை அடிப்பது சகஜமாம்! என் மானத்தைக் காப்பாற்றத்தான் டிவியாம். யார் சொன்னது என்றேன். எல்லாரும் சொல்கிறார்களாம், மொபைலில்கூட வந்ததாம்.

எரிச்சலோடு தருமபுரியில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. "அண்ணி, அங்கதான் பொண்டாட்டிய அடிச்சாத்தான் ஆம்பளைன்னு மதிப்பாங்களாம். அண்ணனும் கத்துக்கப் போவுது, பாத்துக்குங்க." யாரடி பார்த்தது என்றேன். "எல்லாரும் சொல்றாங்க." அட, இந்த 'எல்லாரும்' ஒருநாள் என் கையில் சிக்கட்டும்!

எனக்கும் பெரிய யோக்கியதை கிடையாது. ஊரில் சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜா அக்கா அடி வாங்கும்போதெல்லாம், "அவங்க ஆளுங்க வழக்கமே அப்படித்தான்" என்பாள் அம்மா. ரேடியோவைத் திருகிச் சத்தம் கூட்டியது நான்தான். அவர்கள் வழக்கம் என்று சொல்லிவிட்டால் நாம் எழுந்து போக வேண்டியதில்லை பாருங்கள். அடிக்கிறவனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? அடி எங்கேயும்தான் விழுகிறது. அதை ஒரு பாஷைக்காரர் தலையில் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், எந்தப் பக்கத்து ஆள் சொன்னாலும் சரி.

போன ஞாயிறு மத்தியானம், கீழே எதிர் போர்ஷனில் குடியிருக்கும் சவிதாவின் அலறல் கேட்டது. அவளும் அவள் புருஷனும் கன்னடக்காரர்கள், ஜெயம்மாவின் ஊரேதான். உடனே டிவி சத்தம் கூடியது. தடதடவென்று இறங்கிப் போய் அதை நானே அணைத்தேன். "இது யார் கடெ மாமூலு, ஜெயம்மா?" அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

கதவைத் தட்டினோம். "யாரு?" என்றான் உள்ளேயிருந்து. கற்றுக்கொண்ட கன்னடம் ஒன்றும் வாயில் வரவில்லை, கோபம் தமிழில்தான் வந்தது. "தொறடா கதவ!" ஜெயம்மா அதையே கன்னடத்தில், என்னைவிடச் சத்தமாகச் சொன்னார். கதவு திறந்தது. உதடு கிழிந்து நின்ற சவிதாவை ஆளுக்கொரு கையாகப் பிடித்து மாடிக்குக் கூட்டிவந்தோம்.

சாயங்காலம் போனில் விஷயத்தைக் கேட்ட நாத்தனாருக்கு ஒரே சந்தேகம்தான். "அடிச்சது அவங்க ஆளுதானே அண்ணி? நம்ம ஆளு இல்லையே?"

என் கட்டிலில் சவிதா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அடிச்சவன் எவனோ. அடி வாங்கினவ நம்ம ஆளு" என்றேன்.