மரத்த விரலும் பூத்தையல் அட்டையும்

அட்டையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் ஊசி குத்தியதே எனக்குத் தெரிந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்றில் ரோஜா தைத்துக்கொண்டிருந்தேன். அடியில் பிடித்திருந்த இடது மோதிரவிரலில் ஊசி ஆழமாக ஏறியிருந்தது. வலியே இல்லை.

1950களின் கடைசி அது. என் கணவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டினார். மிஞ்சும் நல்ல அட்டைகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வருவார். நான் பூ வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, பட்டுநூல் கோப்பேன். கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் அட்டை கிழிந்துவிடும். எவ்வளவு இழுக்கலாம் என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். சில மாதங்களாகவே என் அட்டைகள் கிழிந்துகொண்டிருந்தன. நான் நூலைக் குறை சொன்னேன்.

மதுரையில் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சு பட்டதும் சொல்ல வேண்டும் என்றார். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

“தொழுநோய்ம்மா,” என்றார். “மாத்திரைக்குக் கேக்கும். செத்த நரம்பு மட்டும் திரும்பாது.”

டாப்சோன் (கிருமியை அடக்கும் மாத்திரை) கொடுத்தார்கள். நடுவில் ரியாக்‌ஷன் (சிகிச்சையின்போதே தோலும் நரம்பும் வீங்குவது) வந்து வலது கையும் மரத்தது. அங்கேயே தங்கும்படி ஆயிற்று.

சின்னப்பிள்ளையாக இருந்த மகள் ரூபியை மாமியார் காரியாபட்டிக்குக் கூட்டிப் போய்விட்டார். கணவர் மட்டும் வந்து பார்ப்பார். தைத்து வைத்த அட்டைகளை என்ன செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“அம்மா தீ வச்சுட்டாக. நான் தடுக்கல.”



உங்கள் தோலில் எங்காவது உணர்வு குறைந்திருந்தால் ஒளிக்காதீர்கள். நூலைக் குறை சொன்ன மாதங்களில்தான் என் விரல்களில் உணர்வு போயிற்று. மரத்த கையை நம்பி அடுப்பருகே போகாதீர்கள். தினமும் அதைக் கண்ணால் பாருங்கள்.

கிருமி இல்லை என்று என்னை வீட்டுக்கு அனுப்பியபோது காரியாபட்டியிலிருந்து திரும்பியிருந்த ரூபி என் தோளுயரம் வளர்ந்திருந்தாள். விருந்தாளியிடம் பேசுவதுபோல, “வாங்க, சாப்பிட்டீகளா?” என்றாள். அதற்குமேல் நெருங்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் சுருண்டு படுத்திருந்தாள். நெற்றியில் கை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கையை எடுக்கவும் மனமில்லாமல் நின்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். “சுடுதாம்மா?”

குனிந்து என் கன்னத்தை அவள் நெற்றியில் வைத்தேன். அவள் விலகவில்லை. நல்ல காய்ச்சல். அவளிடம் குழந்தை வாசனை போய், வளர்ந்த பெண்ணின் வியர்வை வாசனை வந்திருந்தது. எத்தனை வருஷம் போய்விட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.